பேட்லேண்ட்ஸில் ஒரு நாள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ராப்பிட் சிட்டியிலிருந்து பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கு விடிவதற்குள் கிளம்பிவிட்டோம், நானும் தம்பியும். ஜூன் வெயிலில் ஒதுங்க அங்கே மரநிழல் அநேகமாகக் கிடையாது, அதனால் நடையை முதலில் முடித்துவிட்டு விலங்குகளைச் சாயங்காலம் பார்ப்பது என்று திட்டம். நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் புல்வெளி. பூங்காவுக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்தில் தரை சட்டென்று உடைந்து கீழே இறங்குகிறது, மஞ்சளும் சிவப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்ட மண் கோபுரங்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான லக்கோட்டா மக்கள் வைத்த பெயர் 'மாக்கோ ஷீச்சா', கெட்ட நிலம்.

நாட்ச் டிரெயில் என்கிற நடைபாதை போய்வர இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் கம்பிவடத்தில் உருட்டுக்கட்டைகளைக் கோத்துச் சரிவில் சாத்திய ஓர் ஏணி. ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் கால் நடுங்கும். "அக்கா, கீழ பாக்காத, கட்டைய மட்டும் பாரு" என்று தம்பி சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினான். இந்த மண் வருஷத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கரைகிறதாம். காலடியில் பொலபொலவென்று உதிர்ந்ததைப் பார்த்தபோது அது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

மதியத்துக்கு மேல் மேற்கே பினக்கிள்ஸ் பக்கம் போனோம். பிக்ஹார்ன் காட்டு ஆடுகள், இரண்டு குட்டிகளோடு, நாம் நிற்கவே பயப்படும் விளிம்பில் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. இங்கே முன்பு இருந்த ஆட்டினம் வேட்டையில் அழிந்துபோனது, 1964இல் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம்தான் இவை.

அங்கிருந்து சேஜ் க்ரீக் ஜல்லி ரோடு. ராபர்ட்ஸ் ப்ரெய்ரி டாக் டவுனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ப்ரெய்ரி டாக் பெயரில்தான் டாக், வளை தோண்டி வாழும் அணில் குடும்பம். ஒன்று எழுந்து நின்று கீச்சிட்டால் அடுத்தடுத்த வளைகளிலும் தலைகள் மறைகின்றன. புல்லைத் தின்கிறது என்று இவற்றை விஷம் வைத்துக் கொன்றார்கள், கூடவே கொள்ளைநோயும் வந்தது, இவற்றையே தின்று இவற்றின் வளையிலேயே வாழும் கருங்கால் ஃபெரட்டும் அதோடு போயிற்று. கீரி மாதிரி நீள உடம்பு அதற்கு. அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருக்கையில், 1981இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரட் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்திருக்கிறது! அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த 18 ஃபெரட்டுகளைப் பிடித்து இனம் பெருக்கி, 1994இல் பேட்லேண்ட்ஸில் விட்டார்கள். போகிறவர்கள் தயவுசெய்து ப்ரெய்ரி டாக்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள், அதன் உடம்புக்கு ஆகாது, சட்டப்படியும் தப்பு.

ஃபெரட் இரவில்தான் வெளியே வரும், எங்களுக்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பைசன் என்கிற அமெரிக்கக் காட்டெருமைக் கூட்டம் ரோட்டை மறித்தது. 1963இல் இங்கே மறுபடி கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினோம், புல்லைப் பறிக்கிற சத்தமும் மூச்சுச் சத்தமும் காருக்குள் கேட்டது. கடைசிக் கன்று கடந்து போகும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை.