ஏழு மீற்றர் நாற்பது

கப்பலில் ஏற்றும் வாகனத்தின் நீளம் என்பது, அதன் பின்புறத்தில் தொங்கும் கடைசி இரும்புத்துண்டு வரைக்குமான நீளம். இதை நான் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகும் வழியில், ஜெனோவாத் துறைமுகத்தில், இரவு ஒன்பது மணிக்கு, வரிசையில் பின்னால் நின்ற பாரவூர்திச் சாரதிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டேன். பயணச்சீட்டைப் பதிவு செய்தபோது வாகனப் பத்திரத்தில் இருந்தபடி 6.99 மீற்றர் என்று எழுதியிருந்தேன். பத்திரம் எழுதப்பட்ட பிறகு நாங்களே பூட்டிய சைக்கிள் தாங்கி என் நினைவுக்கு வரவில்லை. மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர் நாடாவைப் பிடித்து அளந்து, "ஏழு நாற்பது" என்று விரல்களால் காட்டினார். மேலதிகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து அமர்ந்தபோது, பின் இருக்கையிலிருந்து அம்மா, "தம்பி, மாட்டு வண்டிலுக்கு ஆரும் இப்படி அளந்து காசு வாங்கினவையே?" என்று கேட்டார்.

எங்கள் வாகனத்தைச் சுவிற்சர்லாந்தில் 'வோன்மொபீல்' என்பார்கள். இத்தாலியர் 'கம்பர்' என்பார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வாகனம். அம்மாவுக்கு அது முதல் நாளிலிருந்தே கூடார வண்டில்தான். நான் 1991இல் பேர்ணுக்கு வந்து, உணவகச் சமையலறைகளில் ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வளர்ந்து தனித்தனி வீடு போன பிறகு, ஒரு முதிய தம்பதியிடமிருந்து பழையதாக வாங்கியது இது. இந்த நாட்டில் ஓய்வை அண்மிக்கும் வயதினர் செய்கிற காரியத்தை நானும் செய்தேன் என்பதைத் தவிர, அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

சிசிலிக்கு இரண்டு வழிகள் உண்டு. மிலானிலிருந்து 1,200 கிலோமீற்றருக்கும் மேல் தெற்கே ஓட்டிச் சென்று, மூன்று கிலோமீற்றர் அளவே ஒடுங்கிய மெசினா நீரிணையை வாகனப் படகில் கடக்கலாம்; அது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அல்லது ஜெனோவாவில் இரவுக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ இருபது மணித்தியாலம் கழித்துப் பலெர்மோவில் இறங்கலாம். எரிபொருள், சுங்கச்சாலைக் கட்டணம், இடையில் தங்கும் இரண்டு இரவுகள் என்று கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை. எழுபத்தெட்டு வயதுத் தாயின் முதுகையும் கணக்கில் சேர்த்தபோது கப்பல் என்று முடிவாயிற்று.

உண்மையில் என்னை அலைக்கழித்தது நீளமல்ல, எடை. சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்தோடு 3.5 தொன் வரைக்கும்தான் ஓட்டலாம். ஆண்டுக்கு நாற்பது பிராங்கு கொடுத்து வாங்கும் நெடுஞ்சாலை வில்லையும் அந்த எடை வரைக்கும்தான் செல்லும். எங்கள் வாகனம் வெறுமையாகவே மூன்று தொன்னைத் தாண்டும். மூன்று பேர், நூறு லீற்றர் தண்ணீர், எரிவாயு உருளைகள், சைக்கிள்கள் என்று எழுதிக் கூட்டியபோது மிச்சம் மிகச் சொற்பமாக இருந்தது. அம்மாவோ இருபது கிலோ அரிசி, மா வறுத்தது, மிளகாய்த்தூள், உரல் என்று வாசலில் அடுக்கி வைத்திருந்தார். எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது அறுபது கிலோ கூடியிருந்தது. அரிசி பாதியானது, உரல் வீட்டிலேயே நின்றது, ஒரு சைக்கிளும் நின்றது. தண்ணீர்த் தாங்கியை அரைவாசியாக்கினேன். தண்ணீரைக் குறைப்பதுதான் அம்மாவுக்கு மிகவும் பிடித்த தீர்வாக இருந்தது: லீற்றருக்கு ஒரு கிலோ, எந்த வாக்குவாதமும் இல்லை.

பதினேழு கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து, மறுபுறம் வெயிலில் வெளிப்பட்டு, மிலானைச் சுற்றி, ஜெனோவாவை நோக்கிய கடைசி மலைப்பாதையில் ஒடுங்கிய வளைவுகளில் இறங்கிச் சென்றதில் சொல்வதற்கு அதிகமில்லை. கப்பலின் வாய்க்குள் ஏறும் கணம்தான் கடினமானது. இரும்புச் சரிவில் ஏறும்போது வாகனத்தின் நீண்ட பின்பகுதி தரையில் உரசிவிடும் என்பதால் மிக மெதுவாக, சற்றுக் குறுக்காக ஏற வேண்டும். உள்ளே பாரவூர்திகளுக்கு நடுவில், கையை மடக்கிக் கதவைத் திறக்கும் அளவுக்கே இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். ஊழியர் ஒருவர் சன்னலைத் தட்டி, "பொம்போலா?" என்று கேட்டுக் கையைத் திருகிக் காட்டினார்; எரிவாயு உருளையை மூடியாயிற்றா என்பது அதன் பொருள். எரிவாயு இல்லையென்றால் குளிர்பெட்டி நின்றுவிடும்; பற்றரியில் ஓடவிட்டால் மறுநாள் இயந்திரத்தைக் கிளப்ப முடியாமல் போகலாம். எனவே முன்கூட்டியே உறைய வைத்த ஆட்டிறைச்சிக் கறியை நடுவில் வைத்து, சுற்றிவரத் தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து அடுக்கி, கதவைத் திறக்காமல் விட்டுவிட்டோம். கப்பல் புறப்பட்டதும் வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், மறந்து வைத்த எதையும் எடுக்க முடியாது. அம்மாவின் மூட்டுவலிக் குளிசைகள் அங்கேதான் இருந்தன.

மேல்தளத்தில் சிசிலிக் குடும்பங்கள் நடைபாதையிலேயே மெத்தை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைப் பிரித்துப் பகிர்ந்துகொண்டிருந்தன. வடக்கே தொழிற்சாலை வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஊர் திரும்புகிறார்கள் என்று பக்கத்து முதியவர் சொன்னார். அம்மா தம் காலத்துக் கப்பலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் போனது, திருமணமான புதிது, அப்பா வாந்தியெடுத்தது, அப்போதும் மக்கள் இப்படித்தான் பாயை விரித்துப் படுத்திருந்தது. அப்பா வாந்தியெடுத்த கதையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

பலெர்மோவில் தமிழர்கள் 1980கள் தொட்டு வாழ்கிறார்கள். பெரும்பாலானோர் வீட்டுப் பணிகளில் தொடங்கியவர்கள். நகரின் பழைய பகுதியில் அனுமதியற்ற வாகனங்களுக்குத் தடை என்பதால், வண்டியைக் காவலுள்ள தரிப்பிடமொன்றில் விட்டுவிட்டுப் பல்லாரோச் சந்தைக்கு நடந்தோம். அங்கே காய்கறிக் கடையில் நின்ற தமிழர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "அண்ணை, சுவிஸோ?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "முருங்கைக்காய்க்கு விலை கேக்காமல் எடுக்கிறியள்" என்றார். அவர்தான் எங்களைப் பெல்லெக்ரீனோ மலைக்குப் போகச் சொன்னார். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது அங்கே கண்டெடுக்கப்பட்ட புனித ரொசாலியாவின் எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டு சென்றதும் நோய் நீங்கியது என்பது அந்நகரத்தாரின் நம்பிக்கை. குகைக்குள் அமைந்த அந்தக் கோயிலின் பாறைக் கூரையிலிருந்து சொட்டும் நீரை, குறுக்கும் மறுக்குமாகத் தொங்கும் உலோகப் பீலிகள் ஏந்திச் சுவரோரம் இறக்குகின்றன. கத்தோலிக்கர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் அம்மலைக்கு நடந்தே ஏறுகிறார்கள். நாங்கள் பேருந்தில் போனோம். அம்மா பீலியைப் பார்த்துக் கும்பிட்டு, "எங்கட வீட்டுத் தாழ்வாரப் பீலி மாதிரி" என்றார்.

அதன்பின் மேற்கே திராப்பானிக்குச் சென்றோம். இத்தாலியச் சாலைச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, இவ்வகை வாகனம் தன் சக்கரங்களில் மட்டும் நின்று, கழிவுநீரை வெளியேற்றாமல், தன் உடலளவுக்கு மேல் இடம் பிடிக்காமல் இருந்தால் அது வெறும் தரிப்பு. வெயில்மறைப்பை விரித்து நாற்காலியை வெளியே வைத்த கணத்திலிருந்து அது முகாம். இதை வாசித்து வைத்திருந்ததால் அம்மாவின் நாற்காலியை நான் வெளியே எடுக்கவிடவில்லை. அவர் வாகனத்தின் வாசற்படியிலேயே அமர்ந்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திகளின் ஓரங்களில் காற்றாலைகள் நின்றன. குவித்த உப்பின்மீது மழைக்குப் பாதுகாப்பாக, எங்களூர் வீட்டுக் கூரைபோல, சிவப்பு ஓடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எங்களூர்ப் பக்கத்து ஆனையிறவு உப்பளத்தில் இப்படி ஓடு வேய்ந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று அம்மா நெடுநேரம் யோசித்துச் சொன்னார்.

புறப்படும் நாள் காலையில் அவர் ஐந்து கிலோ உப்புப் பையொன்றை அணைத்துக்கொண்டு வந்தார். ஒலிவ் எண்ணெய்த் தகரங்களோடு எடை ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"அஞ்சு லீற்றர் தண்ணியைத் திறந்து விடு, தம்பி."