ஆர்த்தோ வார்டு பிராக்டிக்கல்: கட்டை விட்டுவிட்டு விரலைப் பாருங்கள்

நர்சிங் பிராக்டிக்கலில் ஆர்த்தோ கேஸ் விழுந்தால் பெரும்பாலான மாணவர்கள் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். "வலது காலில் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு போட்டிருக்கிறது, கட்டு சுத்தமாக இருக்கிறது." அது எக்ஸாமினர் கண்ணுக்கும் தெரிகிறது. கட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் ஐந்து விரல்களிடம் எப்போது போவீர்கள் என்றுதான் அவர் காத்திருக்கிறார். எலும்பு-மூட்டுப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான். எலும்பு முறிவுக்காகச் சேர்ந்தவர் காலை இழப்பது எலும்பால் அல்ல, ரத்த ஓட்டத்தாலும் நரம்பாலும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

நியூரோவாஸ்குலர் அசெஸ்மென்ட்டை (நரம்பு, ரத்த ஓட்டச் சோதனையை) செய்து காட்டச் சொன்னால் "ஆறு பி" (வலி, வெளிறல், நாடி, உணர்ச்சி, அசைவு, வெப்பம்; ஆங்கிலத்தில் ஆறும் 'பி'யில் தொடங்கும்) என்று ஒப்பிக்காதீர்கள், கையால் செய்யுங்கள். இரண்டு கால்களையும் திறந்து ஒரே மட்டத்தில் வைத்து, நல்ல காலில் தொடங்குங்கள். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும், அது நோயாளியிடமே இருக்கிறது. முதலில் வலி: பத்துக்கு எத்தனை, ஊசி போட்ட பிறகும் ஏறுகிறதா என்று கேளுங்கள். அடுத்து நீங்களே விரலை மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். அந்தச் சின்ன அசைவுக்கே அலறினால் அங்கேயே நில்லுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறோம். நம் தோல் நிறத்தில் வெளிறலைத் தோலில் தேட முடியாது, நகத்தடியில் பாருங்கள். வெப்பத்தைப் புறங்கையால் பாருங்கள். நகத்தை 5 வினாடி அழுத்தி விடுங்கள், 2 வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். பாதத்தின் மேல்புறம் கட்டில் மூடவில்லை என்றால் அங்கே ஓடும் டார்சாலிஸ் பீடிஸ் நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் கேபிலரி ரீஃபில், அதாவது நகத்தில் சிவப்பு திரும்பும் நேரம்தான் துணை. அதை அப்படியே வாயால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நாடியை மறந்துவிட்டதாக எண்ணிக் குறைப்பார்கள்.

உணர்ச்சியைப் பார்க்கும்போது நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். காலில் இரண்டே இடம் போதும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள மேல்பள்ளம் டீப் பெரோனியல் நரம்பு, உள்ளங்கால் டிபியல் நரம்பு. பாதத்தை மேலே தூக்குவது முன்னதன் வேலை, கீழே அழுத்துவது பின்னதன் வேலை. கையில் மூன்று நரம்பு. கட்டைவிரலைப் பின்னால் நீட்டினால் ரேடியல், கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் மீடியன், விரல்களை விசிறி போல் விரித்தால் அல்நார். தொடு உணர்ச்சிக்கு அதே வரிசையில் கட்டைவிரல்-ஆள்காட்டி விரல் இடையின் புறங்கைப் பக்கம், ஆள்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி. முதல் 24 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 4 மணிக்கொரு முறை என்பது பொதுவான நடைமுறை. குறிப்பேட்டில் "நார்மல்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். எத்தனை வினாடி, எந்த விரல், எந்த அசைவு என்று எழுதுங்கள்.

இப்போது அந்த அலறலுக்கு வருவோம். காயத்துக்குப் பொருந்தாத வலி, விரலை நீட்டினால் ஏறும் வலி, இரண்டும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமின் (விரியாத உறைக்குள் தசை வீங்கி அழுத்தம் ஏறும் நிலையின்) முதல் தடயங்கள். நாடி இல்லாமல் போவது கடைசியில். "நாடி இருக்கிறது, எனவே பயமில்லை" என்ற விடை எல்லா வருடமும் வருகிறது, எல்லா வருடமும் தப்பு. தசைப் பையின் உள்ளழுத்தம் சாதாரணமாக 10 எம்.எம். மெர்க்குரிக்குள் இருக்கும். அது 30-ஐத் தொட்டாலே நுண்குழாய்களில் ஓட்டம் நின்றுவிடும். தமனியின் சிஸ்டாலிக் அழுத்தமோ 120. அதனால் உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும்போதும் வெளியே நாடி துள்ளிக்கொண்டிருக்கும். இந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அடுத்த கேள்வி எளிதாகத்தான் வரும்.

என்ன செய்வீர்கள் என்ற கேள்வியில் வரிசை முக்கியம். டாக்டரை உடனே கூப்பிடுவது. காலை இதய மட்டத்துக்குக் கொண்டுவருவது. வீக்கத்துக்கு உயர்த்த வேண்டும் என்று படித்த பழக்கத்தில் இங்கேயும் தலையணை மேல் தலையணை அடுக்குகிறார்கள். உயர்த்தினால் ஏற்கெனவே திணறும் தமனி ஓட்டம் இன்னும் குறையும், தொங்கவிட்டால் வீக்கம் கூடும். ஐஸ் வைக்கக் கூடாது, அது குழாய்களைச் சுருக்கும். கட்டைப் பிளக்கும்போது உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்துத் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும். ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு மாவுக்கட்டைப் போலவே இறுகியிருக்கும். பிறகு வாய்வழி எதுவும் கொடுக்காமல் ஃபேசியாட்டமிக்கு (தசை உறையைக் கீறித் திறக்கும் அறுவைக்கு) தயார் செய்வது, செத்த தசையின் கழிவால் சிறுநீர் தேநீர் நிறத்தில் வருகிறதா என்று பார்ப்பது. 6 மணி நேரம் தாண்டினால் தசை மீள்வது கடினம். முன்கையில் அதன் மிச்சம்தான் வோக்மன் கான்ட்ராக்சர், விரல்கள் மடங்கிய, பறவையின் கால் நகம் போன்ற கை. நாட்டுக்கட்டு கட்டி இரண்டு நாள் கழித்து விரல் கறுத்து வரும் குழந்தைகளிடமும் நடந்திருப்பது இதுதான். மூங்கில் பட்டையோ மாவோ, வீங்குவதற்கு இடம் விடாத எந்தக் கட்டும் ஒன்றே.

மாவுக்கட்டைப் பற்றிச் சுருக்கமாக. ரோலை நனைக்கும் தண்ணீர் சாதாரண வெப்பம் அல்லது வெதுவெதுப்பு. வெந்நீர் வைத்தால் சீக்கிரம் இறுகும், உள்ளே வெளியாகும் சூட்டோடு சேர்ந்து தோலைச் சுடும். குமிழி நின்றதும் எடுக்க வேண்டும். இறுகுவது சில நிமிடத்தில், காய்வது 24 முதல் 72 மணி நேரத்தில். இந்த இரண்டையும் குழப்புபவர்கள்தான் முதல் நாளே நடக்க விடுகிறார்கள். ஈரக்கட்டை உள்ளங்கையால் தூக்க வேண்டும், விரல்நுனியால் பிடித்தால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் உள்பக்கம் மேடாகித் தோலை அரிக்கும். போர்வை போடாமல் காற்றாட விட்டு, 2 மணிக்கொரு முறை திருப்புங்கள். காய்ந்த கட்டு வெள்ளையாக, தட்டினால் கணீரென்று கேட்கும். காயாதது சாம்பல் நிறத்தில் சில்லென்று இருக்கும். ரத்தக்கறை தெரிந்தால் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு நேரம் எழுதுங்கள். ஒரே இடத்தில் சூடும் நாற்றமும் இருந்தால் அடியில் சீழ். அரிக்கிறது என்று ஈர்க்குச்சியும் ஸ்கேலும் உள்ளே போகும், அதைத் தடுப்பதும் உங்கள் கேர் பிளானில் வர வேண்டும்.

டிராக்ஷன் (எடை கட்டிக் காலை இழுத்து வைக்கும் சிகிச்சை) கட்டிலுக்கு அருகே போனதும் வாயைத் திறப்பதற்கு முன் நான்கு இடத்தைக் கண்ணால் ஓட்டுங்கள். எடை தரையைத் தொடாமல் தொங்குகிறதா? கயிறு கப்பியின் பள்ளத்தில் ஓடுகிறதா, முடிச்சு கப்பியில் சிக்கியிருக்கிறதா? பாதம் கட்டில் கம்பியில் முட்டுகிறதா? கால்மாடு உயர்ந்திருக்கிறதா? இந்த நான்கில் ஒன்று தவறினாலும் இழுப்பு என்பதே இல்லை, நோயாளி வெறுமனே படுத்திருக்கிறார். கால்மாட்டில் மரக்கட்டையோ செங்கல்லோ வைப்பது எதிரிழுப்புக்காக. உடல் எடையே தலைப்பக்கம் இழுக்கிறது. அது இல்லையென்றால் நோயாளி சறுக்கிச் சறுக்கிக் கால்மாட்டுக்கு வந்துவிடுவார், பாதம் கம்பியில் முட்டும். நான்கு கோளாறும் ஒன்றுக்கொன்று உறவு.

எடை கேட்பார்கள். ஸ்கின் டிராக்ஷனில் பெரியவர்களுக்கு 2 முதல் 3.5 கிலோ, 4.5 கிலோவைத் தாண்டினால் தோல் உரியும், ஏனெனில் முழு இழுப்பையும் தோல்தான் தாங்குகிறது. ஆறாத புண், வெரிகோஸ் (புடைத்த சிரைகள்), ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களுக்கு இது வேண்டாம். ஸ்கெலட்டல் டிராக்ஷனில் இழுப்பு நேரே எலும்பில், அதனால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை போகலாம். 60 கிலோ ஆளுக்கு 6 முதல் சுமார் 8.5 கிலோ. திருப்பவோ பெட்பேன் வைக்கவோ எடையைக் கழற்றக் கூடாது. மேலே உள்ள கம்பியைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லி, நல்ல கால் பக்கமிருந்து பெட்பேனைச் செருகுங்கள். முழங்காலுக்குக் கீழே டிபியாவில் போடும் ஸ்டெய்ன்மன் பின் (எலும்பைத் துளைத்துச் செல்லும் உலோகக் கம்பி) வெளிப்பக்கமிருந்து உள்பக்கம் செலுத்தப்படும். வெளிப்பக்கம் ஃபிபுலா கழுத்தைச் சுற்றி ஓடும் காமன் பெரோனியல் நரம்பைக் காக்கத்தான் அது. அதே நரம்பு, கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து ஸ்ப்ளின்ட் கம்பியில் நசுங்கினாலும் பாதம் தொங்கிப்போகும். அதனால் "பாதத்தை மேலே தூக்குங்க ஐயா" என்று ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சொல்லிப் பாருங்கள். பின்னின் கூர்முனைகளில் காலி ஊசிமருந்துக் குப்பி கவிழ்த்திருப்பார்கள். அது எதற்கென்று கேட்டால் திகைக்க வேண்டாம்: போர்வையும் அடுத்த காலும் கிழியாமல் இருக்க. பின் துளையில் தெளிந்த கசிவு முதல் சில நாள் இயல்பு; சீழ், கூடும் வலி, பின் தளர்வு இயல்பல்ல.

தாமஸ் ஸ்ப்ளின்ட் (தொடை வளையமும் பக்கக் கம்பிகளும் கொண்ட கால் தாங்கி) அளவும் பிடித்தமான கேள்வி. தொடை இடுக்கில் சுற்றளவோடு 5 செ.மீ. சேர்த்தால் வளையம், இடுக்கிலிருந்து குதிகால் வரையிலான நீளத்தோடு 15 செ.மீ. சேர்த்தால் கம்பி. நல்ல காலில் அளக்க வேண்டும், அடிபட்ட கால் சுருங்கியோ வீங்கியோ இருக்கும். ஹ்யூ ஓவன் தாமஸ் லிவர்பூலைச் சேர்ந்தவர்; முதல் உலகப் போரில் இந்த ஸ்ப்ளின்ட்டைப் பரப்பியவர் அவருடைய உறவினர் ராபர்ட் ஜோன்ஸ். பெயர்கள் இதற்குமேல் தேவைப்படாது.

இடுப்பு எலும்பில் ஒரு பொறி உண்டு. தொடை எலும்புக் கழுத்து முறிந்த பாட்டியின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அறுவையில் வைத்த மாற்று இடுப்பு மூட்டு பின்பக்கம் நழுவினாலும் கால் குட்டையாகும், ஆனால் உள்பக்கம் திரும்பும். திசை ஒன்றுதான் வித்தியாசம். பின்வழி அறுவைக்குப் பிறகு 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் குறுக்கே போடக் கூடாது, உள்பக்கம் திருப்பக் கூடாது; முன்வழி அறுவைக்கு இந்த விதிகள் மாறும், எனவே கேஸ் ஷீட்டில் வழியைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். இதை நோயாளிக்கு டிகிரியில் சொல்லிப் பயனில்லை. சம்மணம் வேண்டாம், இந்தியன் டாய்லெட் வேண்டாம், தாழ்ந்த முக்காலி வேண்டாம், கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுக்க வேண்டாம், படுக்கையில் இரண்டு காலுக்கும் நடுவே தலையணை. ஹெல்த் எஜுகேஷன் பகுதியில் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீட்டுக்கு ஏற்ப எழுதினால், புத்தகத்து வரியை எழுதியவரைவிட நிச்சயம் கூடுதலாக வரும்.

தொடை எலும்பு முறிந்த இளைஞர் இரண்டாம் நாள் திடீரென்று உளறுகிறார், மூச்சு வாங்குகிறது. கொள்குறித் தேர்வில் இது அடிக்கடி வரும் கதை. 24 முதல் 72 மணி நேரம், மார்பிலும் அக்குளிலும் கண் இமை உட்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள், குழப்பம்: ஃபேட் எம்போலிசம் (எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து குழாய்களை அடைப்பது). முதலில் ஆக்சிஜன், பிறகுதான் மற்றவை. உளறலைக் கண்டு தூக்க மருந்து என்ற விடையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம். மூடிய தொடை எலும்பு முறிவிலேயே 1 முதல் 1.5 லிட்டர் ரத்தம் உள்ளே தங்கிவிடும், எனவே முதல் நாள் உளறலுக்கு ஷாக்கையும் (ரத்த இழப்பால் ரத்த ஓட்டம் சரிவதையும்) நினைக்க வேண்டும்.

நார்செட் (எய்ம்ஸ் செவிலியர் பணித் தேர்வு) போன்ற தேர்வுகளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவதால், எண்களில் ஊகம் செய்யாதீர்கள். மருந்துகளில் மூன்று போதும். அலெண்ட்ரோனேட் (எலும்பு அடர்த்திக் குறைவுக்கான மாத்திரை) காலை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு, பிறகு 30 நிமிடம் படுக்கக் கூடாது. காபியோடு கொடுத்தால் மருந்து உறிஞ்சப்படாது, படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை, தினமும் அல்ல. டிஸ்சார்ஜ் சீட்டில் கிழமையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். எனாக்சாபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) வயிற்றுத் தோலடியில், சிரிஞ்சிலுள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றாமல், போட்ட இடத்தைத் தேய்க்காமல். காலையில் எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் முடக்குவாதம், அரை மணிக்குள் என்றால் மூட்டுத் தேய்மானம்.

கால் எடுத்த நோயாளி வந்தால், ஸ்டம்ப்பை (வெட்டிய காலின் மிச்சப் பகுதியை) முதல் 24 மணி நேரம் மட்டும் உயர்த்துங்கள். அதற்குமேல் தலையணை வைத்தால் இடுப்பு மூட்டு மடங்கியே நின்றுவிடும், செயற்கைக்கால் பொருந்தாது. பிறகு நாளுக்கு மூன்று நான்கு முறை 20 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும். கட்டிலருகே டூர்னிக்கெட் (ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை) தொங்க வேண்டும்.

க்ரட்ச் (அக்குள் ஊன்றுகோல்) ஸ்டேஷன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், இலவச மதிப்பெண். அக்குளுக்கும் மேல்கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி, முழங்கை 20 முதல் 30 டிகிரி மடக்கம், நுனி பாதத்துக்கு 15 செ.மீ. முன்னும் 15 செ.மீ. பக்கவாட்டிலும். எடை உள்ளங்கையில், அக்குளில் தொங்கினால் ரேடியல் நரம்பு நசுங்கி மணிக்கட்டு தொங்கும். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க க்ரட்ச்சும் அடிபட்ட காலும் முதலில். ஒற்றைக் கைத்தடி என்றால் நல்ல கால் பக்கக் கையில். இதைப் பேசிக் காட்டாமல் இரண்டு படி ஏறி இறங்கிக் காட்டுங்கள். ஷூவின் நாடாவை முதலிலேயே கட்டிக்கொள்ளுங்கள், க்ரட்ச்சின் ரப்பர் நுனி தேய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.