எலிக்குப் போட்ட கணக்கு தேவாங்குக்குப் போதுமா?

மதுரையில் இருந்துகொண்டு கதிர்வீச்சையும் காட்டு விலங்குகளையும் பற்றி வேலை பார்க்கிறேன் என்றால், எதிரில் இருப்பவர் உடனே கூடங்குளத்தைக் கேட்பார். ஏதாவது நடந்துவிட்டதா என்று குரலும் கொஞ்சம் இறங்கும். அப்படி ஒன்றும் இல்லை. நான் போடுவது கணக்கு. இவ்வளவு டோஸ், அதாவது உடம்பு வாங்கும் கதிர்வீச்சு, பட்டால் ஒரு விலங்கு சாகுமா பிழைக்குமா என்பது அதில் பாதிதான். அந்த இனம் அந்த இடத்தில் பெருகுமா, தேயுமா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2008இல் 12 உயிர்களை மாதிரியாக வைத்து ஓர் அறிக்கை தந்தது. மான், எலி, வாத்து, தவளை, தேனீ, மண்புழு, பைன் மரம் என்று போகும் பட்டியல். மானுக்கும் எலிக்கும் ஒரு நாளைக்கு 0.1 முதல் 1 மில்லிகிரே (டோஸை அளக்கும் அலகு) என்ற அளவு வந்தாலே யோசிக்க வேண்டும் என்கிறது; மண்புழுவுக்கு அது 10 முதல் 100. நான் கணக்குப் போட நினைப்பது நம் பக்கத்துக் காடுகளில் இரவில் திரியும் சின்ன விலங்கான தேவாங்குக்கு; அந்த 12இல் அது இல்லை. எடையை வைத்துப் பார்த்தால் எலிதான் கிட்டத்தில் வரும். உடம்பு வாங்கும் டோஸைக் கணக்கிட அது போதும், குட்டி போடுவது என்று வந்தால் போதாது. கொல்லும் அளவுக்கு வெகு கீழேயே கதிர்வீச்சு முதலில் கை வைப்பது இனப்பெருக்கத்தில்தான். எலி மூன்று வாரம் சுமந்து ஒரு கூட்டம் குட்டி போடும். தேவாங்கு ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனும்.

அய்யலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்திக்கு இதைப் பலகையில் போட்டுக் காட்டினேன். எண்கள் விளங்குவதற்காக நாங்களே வைத்துக்கொண்டவை, காட்டில் அளந்தவை அல்ல. இன்று ஒன்று இருந்தால் அடுத்த வருடம் எத்தனை இருக்கும் என்பதுதான் கணக்கு; ஒன்றுக்கு மேலே நின்றால் இனம் பெருகும், கீழே போனால் தேயும். தேவாங்கில் வருடம் தாண்டிப் பிழைப்பது 0.85, புதிதாகச் சேர்வது 0.17, கூட்டினால் 1.02. எலியில் பிழைப்பது 0.2, சேர்வது 2, மொத்தம் 2.2. இப்போது இரண்டிலும் பிறப்பை மட்டும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தோம். எலி 1.8 ஆனது. தேவாங்கு 0.986.

“சார், எலிக்குத்தானே அடி பெருசு? 18 சதவீதம் போயிருச்சு. தேவாங்குக்கு மூணுதானே?”

“சதவீதத்தை விடும்மா. ஒண்ணுக்கு மேல நிக்குதா, கீழ போச்சான்னு பாரு.”

கால்குலேட்டரை எடுத்து 0.986ஐ இருபது முறை பெருக்கிப் பார்த்தாள். நூறு தேவாங்கு இருந்த இடத்தில் 75. ஒன்றுகூடக் கதிர்வீச்சால் செத்து விழவில்லை. பிறக்க வேண்டியவை பிறக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் ஆய்வுக்கு வேறு தலைப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

செர்னோபிலைச் சொல்லி என்னிடம் வாதாடுபவர்கள் உண்டு. 1986 விபத்துக்குப் பிறகு ஆட்களை வெளியேற்றிய பகுதியில், பெலாரஸ் பக்கம், ஓநாய்கள் அருகிலுள்ள காப்பகங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. “பாருங்கள், கதிர்வீச்சு ஒன்றும் செய்யவில்லை” என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மனிதர்கள் போனதும் வேட்டை போயிற்று, உழவு போயிற்று. பிழைக்கும் எண் அந்தப் பக்கம் ஏறினால், பிறக்கும் எண் இந்தப் பக்கம் இறங்கியிருந்தாலும் மொத்தத்தில் தெரியாது. வெளியிலிருந்து வந்து சேரும் விலங்குகளும் அந்தக் குறையை மூடிவிடும். அதே மண்டலத்தில் கதிர்வீச்சு கூடிய இடங்களில் பறவைகளும் பூச்சிகளும் குறைவு என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றோடு மோதுபவர்களும் இருக்கிறார்கள். தலை எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

நம் பக்கத்தில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது, இந்தியாவிலேயே தேவாங்குக்கென்று முதலாவது. அங்கே கதிர்வீச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை; நான் கேட்பது அடிப்படைக் கணக்கை. சாலையில் அடிபடுவதோ, பூச்சிமருந்தோ, எது வந்தாலும் அதே இரண்டு எண்கள்தான் தேவைப்படும். இரவில் சிவப்பு விளக்கோடு கணக்கெடுக்கப் போகிறவர்கள் எத்தனை தேவாங்கு என்பதோடு, எத்தனை தாய் குட்டியோடு இருந்தது என்பதையும் தனியாகக் குறித்துவைத்தால் எங்களுக்குப் பெரிய உதவி.