கொல்லை விளக்கு தானாக எரிந்த நாலு மாதம்

மன்னார்குடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். கொல்லைக் கதவைத் திறந்தால் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டி நாலு தென்னை, அப்புறம் வரப்பு, வரப்பு முடிகிற இடத்தில் மோட்டார் கொட்டகை. மும்முனை கரண்ட் ராத்திரி எந்நேரம் வந்தாலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை இழுத்துவிடும், அப்பா எழுந்து மடை மாற்றப் போவார். போன வருஷம் ஒரு கட்டுவிரியன் அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி வரப்பில் கிடந்தது. டார்ச் இருந்ததால் தப்பித்தார். அவர் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை, எனக்குத்தான் தூக்கம் போனது. அதற்காகப் போட்டதுதான் இந்தக் கொல்லை விளக்கு. அதனால் அது தானாக எரிகிறது, தானாக அணைகிறது என்று ஆனபோது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியவில்லை.

அமைப்பு பெரியதில்லை. இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் இருக்கிற ஒரு நோட்எம்சியு போர்டு, விளக்கைப் போட்டு அணைக்கிற ஒரு ரிலே, 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சின்ன பவர் சப்ளை, கொட்டகைக் கம்பத்தில் ஒரு ஃப்ளட் லைட். போர்டில் டாஸ்மோட்டா என்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். வீட்டுக்குள் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் மஸ்கீட்டோ (கருவிகளுக்கு நடுவே எம்க்யூடிடி முறையில் செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர்), ஹோம் அசிஸ்டெண்ட் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) இரண்டும் ஓடுகின்றன. மோட்டார் கொட்டகையிலிருந்தும் விளக்கைப் போட வேண்டும் என்று அப்பா கேட்டதால் அங்கே ஒரு பெல் ஸ்விட்ச் வைத்து 24 மீட்டர் கம்பி இழுத்து போர்டில் ஜிபிஐஓ14 என்ற பின்னில் கொடுத்தேன். ஒரு முறை அழுத்தினால் எரியும், மறுபடி அழுத்தினால் அணையும். இந்தக் கம்பியை எந்த வழியாக இழுத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், விஷயமே அங்கேதான் இருந்தது.

நவம்பரில் முதல் கோளாறு. பொழுது சாய்ந்ததும் எரிந்து பத்தரைக்கு அணைய வேண்டும் என்று டைமர் வைத்திருந்தேன். சாயங்காலம் எரியாது. நல்ல மழையில் எல்லோரும் படுத்த பிறகு, ஒன்பதே முக்கால் வாக்கில் பளிச்சென்று எரியும். யாரோ தேங்காய் பறிக்க வந்துவிட்டார்கள் என்று அம்மா ஜன்னலைத் திறந்து பார்ப்பார். நான்கு நாள் நேரத்தைக் குறித்தேன். தினமும் ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. பேய்க்கும் திருடனுக்கும் அந்தக் கணக்கு கிடையாது, சூரியனுக்குத்தான் உண்டு. டாஸ்மோட்டாவில் இடம் குறிப்பிடாமல் விட்டால் அது பாரிஸில் ஈஃபிள் கோபுரம் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது. நேர மண்டலத்தை மட்டும் +5:30 என்று மாற்றியிருந்தேன், அட்சரேகை தீர்க்கரேகையைத் தொடவில்லை. நவம்பர் நடுவில் பாரிஸில் சூரியன் மறையும்போது நமக்கு இரவு ஏறக்குறைய 9:40. லாட்டிட்யூட் 10.67, லாங்கிட்யூட் 79.45 என்று மாற்றினேன், அன்று சாயங்காலமே சரியாக எரிந்தது.

பொங்கலுக்கு முன்பு இரண்டாவது. கரண்ட் போய் வந்தால் இரண்டு நிமிடத்துக்குள் விளக்கு எரியும், பட்டப்பகலில் கூட. பவர்ஆன்ஸ்டேட்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன், கரண்ட் வரும்போது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்கிற அமைப்பு அது. ஆனால் போர்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, கரண்ட் போனால் அது அணைவதே இல்லை, போர்டு எத்தனை தடவை அணைந்து எழுந்தது என்று காட்டும் பூட்கவுண்ட் எண்ணும் ஏறவில்லை. அணைந்து எழுவது ரவுட்டர் மட்டும்தான். ரவுட்டர் வந்ததும் போர்டு மறுபடி எம்க்யூடிடி புரோக்கரோடு சேருகிறது, சேர்ந்தவுடன் அங்கே வைத்திருக்கும் பழைய கட்டளை வந்து இறங்குகிறது. எப்போதோ செல்போன் ஆப்பிலிருந்து சோதித்துப் பார்த்தபோது ரீட்டெய்ன் என்ற கட்டத்தில் டிக் போட்டு "ஆன்" அனுப்பியிருக்கிறேன். அப்படி அனுப்பிய செய்தியை புரோக்கர் தூக்கிப் போடாது, அந்தத் தலைப்புக்கு யார் புதிதாகச் சேர்ந்தாலும் உடனே கொடுக்கும். அதே தலைப்புக்கு ரீட்டெய்ன் போட்டு வெற்றுச் செய்தி ஒன்று அனுப்பினால் அழிந்துவிடும். அழித்தேன், அதோடு தீர்ந்தது.

பவர்ஆன்ஸ்டேட்டை 0 என்று வைத்துவிடு, கரண்ட் வந்தால் விளக்கு அணைந்தே இருக்கும் என்று பலர் சொல்வார்கள். நான் 3-இல்தான் வைத்திருக்கிறேன், கடைசியாக இருந்த நிலைக்கே வரட்டும். அப்பா வரப்பில் நிற்கும்போது போர்டு ஒரு முறை விழுந்து எழுந்தால் வெளிச்சம் திரும்பி வர வேண்டும், இருட்டு அல்ல.

மூன்றாவதுதான் உண்மையான தலைவலி. ஜனவரி 28 வாக்கில் மேட்டூரை மூடுவது வழக்கம், அப்புறம் தாளடிக்குக் கடைசித் தண்ணீரும் உளுந்துக்கு ஈரமும் போர்வெல்லை நம்பித்தான். பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து விளக்கு மறுபடி ஆட ஆரம்பித்தது. ஒரு ராத்திரி இரண்டே கால் மணிக்கு எரிந்தது. இன்னொரு ராத்திரி அப்பா விளக்கைப் போட்டுக்கொண்டு மடைக்குப் போக, பாதி வரப்பில் இருக்கும்போது பட்டென்று அணைந்துவிட்டது. அவர் டார்ச்சை எடுத்துப் போகவில்லை, விளக்குதான் இருக்கிறதே என்ற நம்பிக்கையில். அங்கிருந்து குரல் கொடுத்தார், நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து போட்டேன். தானாக எரிவதை விடத் தானாக அணைவது மோசம் என்று அன்று புரிந்தது.

இந்த முறை எதையும் மாற்றாமல் முதலில் குறிப்பு எடுக்க முடிவு செய்தேன். டாஸ்மோட்டா கன்சோலில் நடந்ததை வரிவரியாகக் குறிக்கிற லாக், போர்டு அணைந்தால் போய்விடும், அதனால் லாக்கை வெளியே அனுப்பும் சிஸ்லாக் அமைப்பை 3 என்று வைத்து எல்லா வரிகளும் ராஸ்பெர்ரி பைக்குப் போய்ச் சேரும்படி செய்தேன். அந்த அளவில் வைத்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் எஸ்ஆர்சி என்று ஒரு வரி வரும், கட்டளை எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும். எம்க்யூடிடியா, டைமரா, வெப் பக்கமா, ஸ்விட்ச்சா. ஏழு ராத்திரியில் பதினொரு தடவை, பதினொன்றிலும் ஸ்விட்ச். அதாவது யாரோ பெல் ஸ்விட்சை அழுத்தினார்கள் என்றே போர்டு நம்புகிறது. முதலில் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து பார்த்தேன், பல்லியோ எறும்போ இருக்கும் என்று. சுத்தமாக இருந்தது.

அப்பாவிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே போர் என்பதால் மணிக்கணக்கில் சண்டை வரக்கூடாது என்று ஒவ்வொரு ராத்திரியும் எழுதுவார், தேதி, கரண்ட் வந்த நேரம், நின்ற நேரம், எந்த வயல். பால்பாயிண்ட் மை சேற்றுக் கையோடு கலந்த எழுத்து, சில பக்கங்களில் விரல் ரேகையே தெரியும். அதையும் லாக்கையும் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நோட்டில் 11-ஆம் தேதி "2.15 வந்தது". லாக்கில் 2:17:04, ஸ்விட்ச். 12-ஆம் தேதி நோட்டில் 1.40, லாக்கில் 1:42. பத்து தடவை இப்படியே ஒத்துப்போனது, மீதி ஒன்று சித்தப்பா ஓட்டிவிட்டு எழுத மறந்தது. இரண்டு நிமிட வித்தியாசம் ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அப்பாதான் சொன்னார், "கரண்ட் வந்து ரெண்டு நிமிஷம் கழிச்சுதானப்பா ஸ்டார்ட்டர் இழுக்குற மாதிரி வச்சிருக்கேன்." ஆக கரண்ட் வருவதில் பிரச்சினை இல்லை, மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில்தான். நான் பத்து நாள் லாக்கைப் பார்த்திருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தின் அர்த்தம் எனக்குத் தெரிந்திருக்காது.

பகலில் மும்முனை வந்தபோது சோதித்தோம். அப்பா கையால் மோட்டாரைப் போட, நான் செல்போனில் கன்சோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்கடி போட்டு நிறுத்தினால் மோட்டார் சூடாகும் என்று பத்து நிமிட இடைவெளி விட்டோம். ஐந்து தடவையில் மூன்று தடவை விளக்கு மாறியது. பிறகு போர்டு பக்கம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்து தடவை, ஒன்று கூட இல்லை. கம்பிதான் குற்றவாளி.

இப்போது அந்தக் கம்பியின் வழி. மோட்டாருக்குப் போகிற பழைய பிவிசி குழாயில் இடம் இருந்தது என்று அதற்குள்ளேயே, மும்முனை கேபிளோடு சேர்த்து, 24 மீட்டரும் இழுத்திருந்தேன். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், ஸ்டார்ட்டரின் கம்பிச்சுருளும் அடித்து ஒரு துடிப்பைக் கிளப்பும், பக்கத்திலேயே ஒட்டிக் கிடக்கிற கம்பியில் அது ஏறும். இந்தப் பக்கம் ஜிபிஐஓ14-ஐ 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருப்பது சிப்புக்குள் இருக்கிற புல்-அப் ரெசிஸ்டர் மட்டும்தான், அது பல பத்து கிலோ ஓம். ஒரு பிடி வைக்கோலை வைத்து மடையை அடைத்த மாதிரி, ஓரமாக ஒருவர் நடந்தாலே அது பிடுங்கிக்கொள்ளும்.

இதை விடப் பெரிய தப்பு ஒன்றும் அந்தக் குழாயில் இருந்தது. 415 வோல்ட் கேபிளும் 3.3 வோல்ட் கம்பியும் ஒரே குழாயில் போகவே கூடாது. எலி ஒரு இடத்தில் இரண்டையும் கடித்திருந்தால் அந்த வோல்ட்டேஜ் அப்பா ஈரக் கையோடு, வெறுங்காலோடு தொடுகிற பொத்தானுக்கு வந்திருக்கும். விளக்கு ஆடியதால்தான் குழாயைத் திறந்தேன், ஆடாமல் இருந்திருந்தால் அது அப்படியே கிடந்திருக்கும். மெயினை இறக்கி, மூன்று பேஸையும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அன்றே கம்பியை உருவி வெளியே எடுத்தேன். இதைப் படிக்கிற யாராவது அப்படி இழுத்திருந்தால் மற்றதெல்லாம் பிறகு, முதலில் அதைப் பிரியுங்கள்.

தனிக் குழாய், கேபிளிலிருந்து இரண்டடி தள்ளி, முறுக்கிய இரட்டைக் கம்பி. புதைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சோதித்தேன். தஞ்சாவூரில் வாங்கி வந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஜிபிஐஓ14-க்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் வைத்தேன், ஐந்துக்கு மூன்று என்பது ஒன்றாகக் குறைந்தது. 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் சேர்த்தேன், அழுத்தம் எவ்வளவு நேரம் நிலைத்தால் போர்டு நம்ப வேண்டும் என்று சொல்கிற ஸ்விட்ச்டிபவுன்ஸை 50-இலிருந்து 150 மில்லி நொடி ஆக்கினேன், பகலில் ஐந்துக்கு ஐந்தும் சுத்தம். ஆனால் அன்று ராத்திரி ஒரு தடவை மாறியது. மேசை மேல் எரியும் விளக்கு என்றால் அதோடு விட்டிருப்பேன். பாம்பு இருக்கிற வரப்புக்கு ஒரு தடவை என்பதே அதிகம்.

கடைசியாகச் செய்தது பிசி817 ஆப்டோகப்ளர். தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர், 1.2 கிலோ ஓம், பெல் ஸ்விட்ச், 24 மீட்டர் கம்பி, ஆப்டோவுக்குள் இருக்கிற எல்இடி, எல்லாம் ஒரே வளையத்தில். அழுத்தினால் 9 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும், அப்போதுதான் எல்இடி எரிந்து மறுபக்கம் இருக்கிற டிரான்சிஸ்டர் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துக் கேபிள் வோல்ட்டேஜைத் தூண்டிவிடலாம், ஆனால் பொத்தானை யாரும் அழுத்தாதபோது அந்த அளவு மின்னோட்டத்தைத் தள்ளுவது அதற்குக் கஷ்டம். மேலும் வெளியே போகிற கம்பிக்கும் போர்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை, நடுவில் வெளிச்சம் மட்டும்தான் கடக்கிறது. இடி இடிக்கிற ஐப்பசி மாதத்தை நினைத்தால் அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

மார்ச் 2 ராத்திரியிலிருந்து இது ஓடுகிறது. இன்றோடு 38 ராத்திரி, அப்பா நோட்டில் 41 தடவை மோட்டார் கிளம்பியிருக்கிறது, லாக்கில் யாரும் அழுத்தாத ஸ்விட்ச் வரி ஒன்று கூட இல்லை. அம்மா இப்போது விளக்கு எரிந்தால் ஜன்னலைத் திறப்பதில்லை, அப்பா போகிறார் என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றும் வேலை மட்டும் பாக்கி.

ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும், அதற்கு முன்பு மேலண்டை வயல் மடையிலும் ஒரு பொத்தான் வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 60 மீட்டர் வரும். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்றால் போக வர நாலு ஓம்தான், 9 மில்லி ஆம்பியருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதே சர்க்யூட் போதும். எந்த வரப்பு வழியாகப் புதைப்பது என்பதைத்தான் அப்பா சொல்ல வேண்டும், அறுவடை மெஷின் எங்கே இறங்கி எங்கே திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியும்.