கிணற்றடியில் ஒரு முழம் தண்ணீர்

மே 4
அக்னி நட்சத்திரம் ஆரம்பம். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. என் மருந்து கேனைப் பார்த்ததும் தெருமுனை ஆச்சி பிடித்துக்கொண்டாள். "குடிக்கவே தண்ணியக் காணும், கொசு எங்கலே இருந்து வரும்?"

கொசு ஒழிப்பு மஸ்தூர் வேலைக்கு வந்து நாலு வருஷம். நாங்குநேரிப் பக்கம் மே மாதம் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கேள்விதான். பதில் பேசாமல் மாடிக்கு ஏறினேன். சிமெண்டுத் தொட்டிக்கு மூடி இல்லை, பாதி வாயை ஒரு தகரம் மறைத்திருந்தது. டார்ச் அடித்தால் வைக்கோல் துணுக்கு மாதிரி நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்திருக்கிறது புழு. அனாபிலிஸ். மலேரியாக் கொசுவின் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டிக்கொண்டிருக்காது, அதனால் படுத்த வாக்கில்தான் மிதக்கும். கீழே பிளாஸ்டிக் டிரம்மில் தலைகீழாகத் தொங்கியதெல்லாம் டெங்குக் கொசுவின் பிள்ளைகள்.

ஆச்சிக்கு ரெண்டும் புழுதான். "வடிகட்டிக் குடிச்சாப் போச்சு."

மே 7
வாழைத்தோட்டத்துக் கிணறு. அடியில் ஒரு முழம் தண்ணீர். வாளியை இறக்கி மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். ஏழு புழு. மழைக்காலத்தில் இதே கிணற்றில் நான்தான் புழு தின்னும் கப்பி மீன் விட்டேன். தண்ணீர் வற்ற வற்ற மீன் செத்துவிட்டது. புழு இருக்கிறது!

டெங்குக் கொசுவின் முட்டை டிரம் சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். அனாபிலிஸ் முட்டைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும். நன்றாகக் காய்ந்தால் செத்துப்போகும். ஆக, கோடையைத் தாண்ட எங்கேயாவது தண்ணீர் வேண்டும். இல்லையென்றால் வளர்ந்த கொசுவே சாகாமல் கிடக்க வேண்டும்.

மே 8
தாமிரபரணிக் கரை. ஓடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. மணல் பள்ளத்தில் தேங்கியதில் உண்டு. சம்பளம் இன்னும் ஏறவில்லை.

மே 13
ராத்திரி தூக்கம் வராமல் மாலி நாட்டைப் பற்றிப் படித்தேன். சஹாராவுக்குத் தெற்கே, மாதக்கணக்கில் பொட்டுத் தண்ணீர் தேங்காத ஊர்கள். கொசு அடியோடு காணாமல் போகிறது. முதல் மழை பெய்து நாலைந்து நாளிலேயே வீட்டுக்குள் கூட்டமாக வந்து நிற்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமே? ஆராய்ச்சிக்காரர்கள் கொசுக்களுக்குப் பெயிண்ட் அடையாளம் வைத்துப் பறக்கவிட்டிருக்கிறார்கள். ஏழு மாதம் கழித்து அதில் ஒரு பெண்கொசு திரும்பச் சிக்கியதாக 2010-இல் எழுதினார்கள். சாதாரணமாக ஒரு மாதம் இருந்தாலே பெரிய ஆயுசு. ஏழு மாதமென்றால் இங்கே ஒரு பிசான நெல் நட்டு அறுத்து, வைக்கோல் படப்பும் போட்டுவிடலாம்.

1960-களில் சூடானில் பார்த்தது இன்னும் விசித்திரம். கோடையில் குடிசைக்குள் பதுங்கிய கொசு ரத்தம் குடிக்கிறது, ஆனால் முட்டை சட்டென்று வளர்வதில்லை. உயிரைப் பிடித்துவைக்கத்தான் சாப்பாடு. எல்லாக் கொசுவும் இப்படிக் கிடப்பதில்லை. மாலியில் பலூனில் பசை வலை கட்டி, 40 முதல் 290 மீட்டர் உயரத்தில் காற்றோடு போகிறவற்றையும் பிடித்திருக்கிறார்கள். 2019-இல் வந்த சேதி.

நம்மூர்க் கொசுவுக்கு இந்தத் தவமெல்லாம் எதற்கு? ஆச்சி வீட்டு மாடி இருக்கிறதே.

மே 16
ஒரு பழைய வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால், இருட்டில், ஈரச் சாக்கின் குளிர்ச்சியில் நாலு கொசு. வாலைத் தூக்கிச் சுவரில் முள் குத்தியது மாதிரி சாய்ந்து நிற்கின்றன. கொசு பிடிக்கும் உறிஞ்சு குழாயை எடுப்பதற்குள் வீட்டுக்காரர் துண்டால் அடித்துவிட்டார். "பாத்தீங்களா, எல்லாத்தையும் கொன்னுட்டேன்!"

மே 19
கோயில் கொடை. பம்பாயிலிருந்து வந்திருந்த அண்ணாச்சி ஒருத்தருக்குக் குளிர்காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைவாக்ஸ் என்கிற மலேரியாக் கிருமி. அந்தக் கிருமியும் உறங்கும், கல்லீரலுக்குள் மாதக்கணக்கில். அதை அங்கே போய் அழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின். "காய்ச்சல் மூணு நாள்லயே விட்டுட்டுல்லா, பிறகு எதுக்கு மாத்திரை?" என்கிறார். அவர் தங்கியிருப்பது ஆச்சி வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. தினமும் சாயங்காலம் போய், அவர் விழுங்கும்வரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

மே 24
கோடை மழை, பத்தே நிமிஷம். ஆச்சி வீட்டு மாடிக்குப் போனேன். தாத்தாவின் பழைய வேட்டியை ரெண்டாய் மடித்துத் தொட்டி வாயில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் தகரத்தைப் போட்டு, தகரத்தின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறாள். "அடேயப்பா, என் பேச்சையும் கேட்டுட்டீங்களே" என்றேன்.

"உனக்காகவால? காக்கா எச்சம் போடுது."