கடலுக்கு அறுபத்து மூன்று அடி

போன வருடம் ஓகஸ்டில் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் நீச்சல் தடாகம் எல்லாம் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினோம். ஒரு அறைக்கு ஒரு இரவு 24,000 ரூபா என்றுதான் போட்டிருந்தார்கள், ஆனால் பில் வந்தபோது 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி என்று ஏறி 31,000ஐத் தாண்டிவிட்டது. காசு போனதைக்கூட மறந்துவிடலாம். எங்களுக்குக் கிடைத்தது மேல்மாடியில் பின்பக்கத்து அறை, மாமிக்கோ இரண்டு முழங்காலும் நோ. படி இறங்கி, தோட்டத்தைச் சுற்றி, மணலில் புதையப் புதைய நடந்தால்தான் கடல். இரண்டு நாளும் அவர் கதிரையில் இருந்தபடி தூரத்தில் கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியது.

இந்த முறை ஐந்து இடங்களுக்குப் போன் எடுத்தேன். நிலத்தோடு அறை இருக்கா, கதவிலிருந்து கடலுக்கு எவ்வளவு தூரம், இடையில் படி இருக்கா, இவ்வளவுதான் கேட்டேன். நாலு பேர் "பக்கம்தான் மிஸ், பக்கம்தான்" என்றார்கள். உப்புவெளியில் ஒரு அண்ணை மட்டும் "நில்லுங்கோ தங்கச்சி, நடந்து பாத்துச் சொல்லுறன்" என்று போனை வைக்காமலே நடக்கத் தொடங்கினார். மணலில் செருப்பு அரைபடும் சத்தமும் அவர் எண்ணுவதும் எனக்குக் கேட்டன. "அறுபத்திமூண்டு. ஒரு படி இருக்கு, அதுவும் பதிவான படி." இதை மாமியிடம் சொன்னபோது, "நாயன்மார் கணக்கு பிள்ளை, அங்கேயே போவம்" என்றார். அந்த நிமிடமே உறுதி செய்துவிட்டோம்.

ஃபேன் அறை ஒன்று இரவுக்கு 6,000 ரூபா, ஏசி போட்டால் 8,500, அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எங்களுக்கு இரண்டு ஃபேன் அறை, மூன்று இரவு, ஆக 36,000. சாப்பாடு தனி. சீமெந்துத் தரை, நுளம்பு வலை, வெயிலில் காய்ந்த மணம் வீசும் படுக்கை விரிப்பு. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. மத்தியானத்தில் கச்சான் காற்று அடுப்புச் சூட்டை அள்ளிக்கொண்டு வரும், அந்த நேரத்தில் சின்னவள் ஏசி கேட்டு அழுதது உண்மை. சூடு தாங்காதவர்கள் ஏசி அறையே எடுங்கள், அந்த 2,500 வீண்போகாது. ஆனால் விடியப்புறம் கதவைத் திறந்தால் வரும் குளிர்ச்சியை எந்த ஏசியும் தராது.

காலம் பார்த்துப் போவதும் முக்கியம். தென்மேல் பருவக்காற்று தெற்கையும் மேற்கையும் அடிக்கிற மாதங்களில் இங்கே காற்று தரைப்பக்கமிருந்து வீசும், அதனால் கரையோரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மே முதல் செப்டெம்பர் வரை நல்லது, அதிலும் ஜூன் என்றால் யூலை, ஓகஸ்ட் கூட்டம் வருவதற்கு முன் விலையும் மலிவு. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று தொடங்கிவிடும். அப்போது அறை இன்னும் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் கடலில் கால் வைக்கப் பயப்பட வேண்டும்.

இரண்டாம் நாள் விடிய ஆறு மணிக்குக் கரைவலை இழுத்தார்கள். வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு, இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர், இடுப்பில் கட்டிய பட்டியைக் கயிற்றில் கொழுவிப் பின்பக்கமாகவே நடந்து வருகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பக்கமும் நெருங்கி, கடைசியில் மடி கரைக்கு ஏறியபோது உள்ளே வெள்ளி உருகித் துடிப்பது போல இருந்தது. அநேகம் சூடை, நடுவில் நாலைந்து பாரைக் குட்டிகள். பிளாஸ்டிக் கதிரையைத் தண்ணீர் ஓரம் போட்டுக் காலை நனைத்துக்கொண்டிருந்த மாமி, என் கையைப் பிடித்து எழும்பிப் போய், செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி, இரண்டு பாரையும் ஒரு பை சூடையும் வாங்கிவிட்டார். விடுதியில் சமைக்கிற அக்கா பாரையைக் குழம்பாக்கி, சூடையை மிளகாய்த்தூள் பிரட்டி மொரமொரவென்று பொரித்துத் தந்தார். அதோடு பிட்டும் சொதியும். சமைத்த கூலி என்று 1,500 ரூபாதான் வாங்கினார், ஐந்து பேர் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

புறாத்தீவுக்கு நானும் இவரும் பிள்ளைகளும் மட்டும் போனோம். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான், 2003இல் தேசிய பூங்காவாக்கிய இடம். நுழைவுச் சீட்டுக்கு ஒரு காசு, படகுக்கு வேறு காசு, ஏறுவதற்கு முன் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். கரை முழுக்கச் செத்த பவளத் துண்டுகள், செருப்பில்லாமல் நடக்க முடியாது. தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் உயிருள்ள பவளம், அதற்கு மேலால் செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று எங்களைக் கணக்கெடுக்காமல் போனது. தயவு செய்து பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் அதில் நின்று படம் எடுத்தார், பார்க்க வயிறு எரிந்தது.

திரும்பும் வழியில் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் மொண்டு மாமியின் முழங்காலில் ஊற்ற ஊற்ற அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

இதையும் சொல்ல வேண்டும். கடைசி நாள் விடிய எழும்பிப் பார்த்தால் மாமியின் படுக்கையில் ஆள் இல்லை. பதறிக்கொண்டு ஓடினேன். கதிரையைத் தானே இழுத்துக்கொண்டு போய், சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, தண்ணீருக்குள் காலை விட்டு இருந்தார். சூரியன் அப்போதுதான் கடலை விட்டு மேலே வந்திருந்தது.

"தொண்ணூத்தி நாலு பிள்ளை," என்றார். "அந்தத் தம்பி நெட்டைக் கால்காரன். நான் என்ர காலால எண்ணினனான்."