கோழிக்குப் பலித்தது மாட்டுக்குப் பலிக்குமா?

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவன் நான். தீவனத்தில் கலக்கும் என்சைம் (நொதி) என்றாலே எனக்குக் கோழித் தீவனம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே அதைப் பற்றிச் சண்டையே கிடையாது. தானியத்திலுள்ள பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் ஃபைட்டேஸ் நொதி கோழிக்குப் போதுமான அளவு சுரக்காது, வெளியிலிருந்து கொடுத்தால் பலன் தெரியும்.

மாட்டுக் கதை வேறு. இப்போது கனடாவில், தெற்கு ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் பக்கம் இறைச்சி மாடுகளை அடைத்துத் தீனி போட்டு வளர்க்கும் ஃபீட்லாட் ஒன்றில் தீவனக் கணக்குப் பார்க்கிறேன். மாட்டின் முதல் வயிற்றுக்குள் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஃபைட்டேஸ், நாரை உடைக்கும் செல்லுலேஸ், சைலனேஸ் எல்லாவற்றையும் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. மாட்டுக்கு என்சைம் விற்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரிதான். ஆனாலும் தின்ற நாரில் கணிசமான பங்கு செரிக்காமல் சாணத்தோடு போய்விடுகிறது. என்சைம் விற்பவர்கள் குறிவைப்பது அந்த மிச்சத்தைத்தான்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. 1995-இல் இதே லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்து ஆய்வில், என்சைம் சேர்த்த காய்ந்த குதிரைமசால் தின்ற காளைகளின் எடை ஏற்றம் 24 முதல் 30 சதவீதம் வரை கூடியது. திமோத்திப் புல்லில் 36. ஆனால் ஈரமான பார்லி சைலேஜில் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) ஒன்றுமே நடக்கவில்லை! இங்குள்ள மாடுகள் தின்னும் நார்த்தீவனமே பெரும்பாலும் அந்தச் சைலேஜ்தான். தானியத்திலும் இதே கூத்து: பார்லியில் வேலை செய்த சரக்கு மக்காச்சோளத்தில் கைவிரித்தது.

என்னைக் கடுப்பேற்றுவது பாக்கெட்டில் என்சைமின் வீரியம் என்று போடும் யூனிட் எண்ணிக்கை. செல்லுலேஸின் வீரியத்தைப் பொதுவாக 50 டிகிரியில், பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4.8-இல் அளப்பார்கள். மாட்டின் வயிறு 39 டிகிரி, பிஎச் ஆறை ஒட்டி இருக்கும். அந்த நிலையில் எவ்வளவு வேலை செய்யும் என்று கேட்டால் விற்பனைப் பிரதிநிதி வானிலை பேச ஆரம்பித்துவிடுவார். அளவைக் கூட்டினால் பலனும் கூடும் என்பதும் இல்லை, சில நேரம் குறையவே செய்யும்.

கொடுக்கும் விதமும் முக்கியம். திரவமாகக் கரைத்து, காய்ந்த தீவனத்தின் மேல் தெளித்த பிறகே மாட்டுக்கு வைக்க வேண்டும். அப்போதுதான் நொதி நாரோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றில் சீக்கிரம் சிதையாமல் தாக்குப்பிடிக்கும். சொல்ல எளிது. இங்கே ஜனவரியில் மைனஸ் 30-இல் தெளிப்பான் குழாய் உறைந்து நிற்கும்போது யார் தெளிப்பது?

பொள்ளாச்சிப் பக்கம் காளைக்கன்று வளர்க்கும் ஜூனியர் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான், "அண்ணா, ஒருத்தர் என்சைம் பவுடர் கொண்டுவந்திருக்கார், வாங்கிப் போடட்டுமா?" என்ன தீனி என்றேன். பெரும்பாலும் வைக்கோல்.

வைக்கோலில் நாரைப் பூட்டி வைத்திருப்பவை லிக்னின் என்ற மரச்சத்தும் மணல்போன்ற சிலிக்காவும். செல்லுலேஸ் அவற்றைத் தொடாது. அந்தப் பூட்டைத் தளர்த்த, அதே காசுக்கு யூரியா நேர்த்தி செய்துகொள்ளச் சொன்னேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, சுமார் 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். பிரித்த பிறகு அம்மோனியா நெடி போகக் கொஞ்சம் ஆறவிட்டுப் போடலாம். ஆறு மாதம் ஆகாத கன்றுகளுக்கு மட்டும் அதைக் காட்டாதே என்றேன்.